பழுக்காத கரிக்குப் பழுப்பு என்று பேர்

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கப் போகிறவன் இலக்கணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. சாலையோரக் குவியலில் ஒன்றைத் தொட்டு, “நல்ல பழமாம்மா?” என்று கேட்டேன். கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காய் வேணுமா, செங்காய் வேணுமா, பழம் வேணுமா, அதைச் சொல்லுங்க தம்பி. நல்லது கெட்டதெல்லாம் அப்புறம்” என்றார்.

முதலில் பெயரைச் சொல், அடைமொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தமிழ் மரபே அல்ல. நமக்கு ‘நல்ல’ முன்னால் வரும், ‘பழம்’ பின்னால் வரும். பெயரை முன்னே விட்டு அடைமொழியைப் பின்னே இழுத்து வருகிறவர்கள் அயர்லாந்துக்காரர்கள். பண்ருட்டிப் பலா வியாபாரிக்கு ஐரிஷ் இலக்கணம் எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே நின்றதில், பேரம் பேச மறந்துபோனேன்.

அயர்லாந்து நினைவுக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பண்ருட்டியிலிருந்து ஒரு டவுன்பஸ் தூரத்தில் நெய்வேலி. அந்த ஊரே ஓர் அடைமொழியின் மேல் கட்டப்பட்டது. அது தப்பான அடைமொழி என்பது வேறு விஷயம்.

1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் நெய்வேலியில் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டினார். தண்ணீர் வந்தது, கறுப்பாக வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையைத் தமிழன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். நிஜமாகவே பூதம் புறப்பட்டது இந்த ஒரு கிணற்றில்தான். வேறு யாராக இருந்தாலும் பூசாரியைக் கூப்பிட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, குழியை மூடியிருப்பார்கள். முதலியார் சர்க்காருக்குச் சொல்லியனுப்பினார். சர்க்கார் வழக்கமான வேகத்தில் பாய்ந்து வந்தது. அதாவது துளை போட்டுப் பார்த்து, அளந்து பார்த்து, மறுபடி துளை போட்டு, நடுவே ஓர் உலகப் போரும் ஒரு சுதந்திரமும் வந்துபோன பிறகு, 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்று பூதத்துக்கு ஒரு கம்பெனி பதிவு செய்தது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மண்ணை வழித்து வழித்துக் கரியின் முகத்தைப் பார்க்க 1961 ஆகிவிட்டது. அதற்கடுத்த வருஷம், ரஷ்யர்கள் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் விளக்கு எரிந்தது.

இத்தனை தாமதத்துக்கு சர்க்காரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே கை வைத்தால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரும். கோபக்காரத் தண்ணீர். இங்கே தொல்காப்பியரை ஒரு நிமிஷம் கூப்பிட வேண்டியிருக்கிறது. கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்கு அவர் முதலில் கொடுக்கும் பொருள் நிறம் அல்ல, கோபம். கோபத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்தபடியாகத்தான் போனால் போகிறதென்று, நிறத்தையும் குறிக்கும் என்கிறார். ஆக, முதலியார் கிணற்றில் வந்தது தொல்காப்பியர் கணக்கில் இரண்டு அர்த்தத்திலும் கறுத்த தண்ணீர். (கறுப்புக்கு வல்லின றவா இடையின ரவா என்று சண்டை போடுகிறவர்களும் தொல்காப்பியர் சொன்ன பொருளில்தான் கறுக்கிறார்கள்.)

வெளியே வந்த பொருளுக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த பெயர் லிக்னைட். லத்தீனில் ‘லிக்னும்’ என்றால் மரக்கட்டை. கட்டையாக இருந்து கரியானது என்று பெயரே சொல்லிவிடுகிறது. தமிழில் அதற்குப் ‘பழுப்பு நிலக்கரி’ என்று பெயர் வைத்தோம். அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் என்ன நடந்தது என்று கற்பனை செய்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். மேஜையில் ஒரு கரித்துண்டு. சுற்றிலும் நாலு பண்டிதர்கள். “கறுப்பாகத்தானே இருக்கிறது?” என்கிறார் ஒருவர். “கறுப்பு என்று சொன்னால் பீகார்க்காரன் கோபித்துக்கொள்வான், அவனுடையதுதான் கறுப்பு நிலக்கரி” என்கிறார் இன்னொருவர். “கொஞ்சம் வெயிலில் காட்டிப் பாருங்கள், காப்பிப்பொடி நிறம் தெரியும்.” “காப்பி நிற நிலக்கரி என்று வைக்கலாமா?” “ஓய், பட்ஜெட்டில் வாசிக்க வேண்டிய பெயர் ஐயா!” கடைசியில், பழுப்பு.

பழுப்பு எங்கிருந்து வந்தது? பழுத்தலிலிருந்து வந்தது. இலை பழுத்தால் பழுப்பு. பழு என்ற அதே வேரில்தான் பழமும் தொங்குகிறது. நெய்வேலியின் கரியும் பண்ருட்டியின் பலாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மொழி சாட்சி சொல்கிறது. ஜில்லாவுக்கே பெருமைதான். ஆனால் நிலவியல்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஏனென்றால் கரியும் காய்த்துப் பழுக்கிற சமாசாரம்தான். சதுப்பில் விழுந்த செடிகொடிகள் அழுகாமல் அமுங்கினால் முதலில் பீட் என்ற கரிமண். அது மேலும் புதைந்து, சூடேறி, ஈரம் போனால் லிக்னைட். அதையும் தாண்டினால் ஜாரியாவில் வெட்டுகிற கெட்டிக் கரி. கடைசிப் படியில் ஆந்த்ரசைட், கண்ணாடி மாதிரி மினுங்கும். பண்ருட்டிக் கணக்கில் சொன்னால் பீட் என்பது பலா மூசு என்கிற பிஞ்சு, லிக்னைட் பலாக்காய், ஜாரியாக் கரி செங்காய், ஆந்த்ரசைட்தான் பழம். நெய்வேலிக் கரியில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் பழுக்காமல் போன அந்தக் கரிக்குப் பார்த்துப் பார்த்து ‘பழுத்தது’ என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பண்டிதன் என்று பேர் வைத்த மாதிரி.

இப்போது அயர்லாந்து. அங்கே நிலக்கரி கிடையாது என்றே சொல்லலாம். அவர்களுக்குக் கிடைத்தது முதல் படி, பலா மூசு. நாட்டின் நடுப்பகுதியெங்கும் சதுப்பு. அதில் பீட் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும். நம் ஊர்ச் சாலைப் பணியைவிடக் கொஞ்சம்தான் மெதுவு. அதைச் செங்கல் செங்கல்லாக வெட்டி, வெயில் வந்தால் காயவைத்து, குளிரில் எரித்துப் பல நூற்றாண்டுகளை ஓட்டினார்கள். நாம் நெய்வேலிக்கு ஒரு கார்ப்பரேஷன் வைப்பதற்குப் பத்து வருஷம் முன்பே, 1946-ல், அவர்கள் இதற்கென்று ‘போர்டு நா மோனா’ என்று ஒரு வாரியம் வைத்தார்கள். கரிமண் வாரியம் என்று அர்த்தம். 2021-ல் அந்த வாரியம், இனிமேல் பீட் வெட்டுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

அந்தச் சதுப்புக்கு இங்கிலீஷில் பெயர் ‘பாக்’. இந்தச் சொல் இங்கிலீஷ்காரனின் சொத்து இல்லை. ஐரிஷ் மொழியில் ‘பொக்’ என்று ஓர் அடைமொழி. மிருதுவான, கால் வைத்தால் அமுங்குகிற என்று பொருள். அடுத்தவன் நாட்டை எடுத்துக்கொண்ட இங்கிலீஷ்காரன் கையோடு அவன் அடைமொழியையும் எடுத்து, பெயர்ச்சொல்லாக மாற்றி, சதுப்புக்கு வைத்தான். அதோடு விட்டானா? பின்னாளில் தன் கொச்சையில் அதே சொல்லைக் கக்கூசுக்கும் வைத்தான். மிருதுவான சொல்லுக்கு நேர்ந்த கதி.

(நம் ‘பொக்கை’க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கத் துடிக்கிறவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். பல் விழுந்த வாயும் மிருதுதான், ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சொல்லுக்கும் தமிழில் வேர் காண்கிற பாவாணர் காதில் விழுந்திருந்தால் அயர்லாந்து குமரிக்கண்டத்தின் வடக்குப் புறம்போக்கு என்று பட்டா போட்டிருப்பார். ‘பொக்’கின் வேர் வளைதல் என்ற பொருளுள்ள பழைய ஐரோப்பிய வேர் என்கிறார்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். வளைகிறது மிருதுவாகத்தானே இருக்கும்.)

இந்தப் ‘பொக்’ படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஐரிஷில் பெயருக்குப் பின்னால் நிற்கும் அடைமொழி, பெயர் சொன்னபடியெல்லாம் ஆட வேண்டும். பெயர் ஆண்பாலா, சரி, ‘பொக்’காகவே இருக்கலாம். பெண்பாலா, முதலெழுத்தை மூச்சாகத் தளர்த்தி ஏறக்குறைய ‘வொக்’ என்று ஆக வேண்டும். கரிமண்ணுக்கு அவர்கள் மொழியில் ‘மோன்’ என்று பெயர், அது பெண்பால். ஆகவே மிருதுவான கரிமண் என்றால் ‘மோன் வொக்’. பன்மையானால் ‘பொகா’. உடைமை வேற்றுமை வந்தால் நடுவிலிருக்கும் உயிரே மாறிப்போகும். இன்னும் மிருது என்று ஒப்பிட்டால் அதற்கு வேறு ஒரு வடிவம். மாமியார் வீட்டில் புது மருமகன்கூட இத்தனை தடவை சட்டை மாற்ற மாட்டான்.

நம் ‘நல்ல’வைப் பாருங்கள். நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடுகள், நல்ல பாம்பு. அடுத்து நிற்பது கடிக்குமா முட்டுமா என்று பார்க்காமல் அசையாமல் நிற்கிறது.

இந்த அசையாமை கடல் கடந்து வந்தவர்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. லத்தீன் இலக்கணத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பத்தே வருஷத்தில் ஜெர்மனியில் தமிழ் இலக்கணம் அச்சிட்டுவிட்டார். பின்னாலேயே வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என்று லத்தீனில் எழுதித் தள்ளினார். லத்தீனில் அடைமொழி பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் வளைந்து கொடுக்கும். இவர்களில் யாராவது ஒருவர் முதல் நாள் முன்ஷியிடம், “நல்ல என்பதற்குப் பெண்பால் என்ன?” என்று கேட்டிருக்க வேண்டும். முன்ஷி யோசித்து, “அதற்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை ஐயா” என்று சொல்லியிருக்க வேண்டும். ஆவணம் எதுவும் கிடையாது, நானே அவிழ்த்துவிடுவதுதான். ஆனாலும் நடந்திருக்கும்.

இந்த முடிச்சைப் பார்த்து ஊருக்கே சத்தம் போட்டுச் சொன்னவர், பொருத்தமாக, அயர்லாந்தில் பிறந்தவர். ராபர்ட் கால்டுவெல், 1814-ல் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்ற இடத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், பையனுக்குப் பத்து வயதானபோது அங்கேயே திரும்பிப் போய்விட்டார்கள். வாலிபத்தில் அவர் மறுபடி அயர்லாந்து வந்தார், டப்ளினில் ஓவியம் படிக்க. அந்த டப்ளின் என்ற பெயரைப் பிரித்தால் ‘துவ்’, ‘லின்’. கறுத்த குளம் என்று பொருள். அதாவது ஜம்புலிங்க முதலியாரின் கிணறு. பெயர் ஐரிஷாக இருந்தாலும் ஐரிஷ்காரர்கள் தங்கள் மொழியில் தலைநகரை அப்படிக் கூப்பிடுவதில்லை. அதற்கு மூங்கில் தட்டி மாதிரி பின்னிப் போட்ட ஆற்றுத்துறை ஊர் என்று பொருள்படும் வேறு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். மெட்ராஸ், சென்னை தகராறு உலகப் பொது.

கறுத்த குளத்தில் படம் வரையப் படித்தவர், 1838-ல் சென்னையில் பாதிரியாராக வந்து இறங்கினார். கப்பலில் கூட வந்தவர் தெலுங்குக்கு அகராதி போட்ட சி.பி. பிரவுன், எனவே இறங்கும்போதே இந்திய மொழிக் கிறுக்கு தொற்றியாகிவிட்டது. 1841-ல் திருநெல்வேலிப் பக்கம் வேலை என்றதும் பல்லக்கு வேண்டாம், குதிரை வேண்டாம் என்று கிளம்பிச் சென்னையிலிருந்து நடந்தே போனார். சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, நடுவே நீலகிரிக்கு ஒரு சுற்று, அப்புறம் மதுரை என்று போய் இடையன்குடியில் கடை விரித்தார். சிதம்பரம் வரை நடந்தவர் நம் தென்னாற்காட்டு மண்ணை மிதிக்காமல் பறந்தா போயிருப்பார்? காலுக்கடியில் எவ்வளவு பழுக்காத கரி கிடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, கரிக்கும் தெரியாது. மேற்கே ஒரு எட்டு திரும்பியிருந்தால் பலாச்சுளையாவது கிடைத்திருக்கும்.

நடந்து வந்த களைப்பு தீர்ந்து 1856-ல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில்தான் விஷயம் வருகிறது. சமஸ்கிருதம் வேறு குடும்பம், தமிழும் அதன் சகோதர மொழிகளும் வேறு குடும்பம் என்று சாதிக்க அவர் அடுக்கிய சாட்சிகளில் இந்த வளையாத அடைமொழியும் ஒன்று. வடமொழியில் அடைமொழி பெயரோடு சேர்ந்து வேற்றுமை ஏற்கும், திராவிடத்தில் ஏற்காது. இங்கே அடைமொழி என்று தனியாக ஒரு ஜாதியே இல்லை, பண்பைச் சொல்லும் பெயரோ, எச்சமோ இன்னொரு பெயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டால் அதுவே அடைமொழி என்றார். முன்னால் நின்றவன் எல்லாம் தலைவன். நம் அரசியல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும், அவர் சொன்னது இலக்கணத்துக்குத்தான் என்றாலும். பின்னாளில் திராவிடக் கட்சிக்காரர்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, தொல்காப்பியர் கோபம் என்று சொன்ன இரண்டு நிறங்களையும் கொடியில் ஏற்றி, ஆட்சியும் பிடித்தார்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டுச் சமயத்தில் மெரினாவில் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தார்கள். வீரமாமுனிவரும் அதே கடற்கரையில்தான் நிற்கிறார். தமிழ் அடைமொழியைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களுக்கு நின்றபடியே சிலை. தப்பில்லாமல் பேசுகிற நமக்குச் சுண்டல்.

வளையாது என்று கால்டுவெல் சொன்னது சரிதான், ஆனால் முழுக் கதை அல்ல. தமிழ் அடைமொழி ஆணுக்கும் பெண்ணுக்கும் வளையாது, வாய்க்கு வளையும். அது எப்படியெல்லாம் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரே மூச்சில் பட்டியல் போட்டிருக்கிறார். புதுமை தன் வாலை உதிர்த்தால் புதுப்பேட்டை. பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர்தான். முதுமை முதலெழுத்தை நீட்டினால் மூதூர். பசுமை சுருங்கினால் பைங்கிளி. வெறுமை ஒற்றை இரட்டித்தால் வெற்றிலை. பூக்காது, காய்க்காது, வெறும் இலை. செம்மை ஒன்றே செங்கல்லில் ஒரு வேஷம், செந்தாமரையில் ஒரு வேஷம், செவ்விளநீரில் ஒரு வேஷம். அந்தம்மா சொன்ன செங்காயும் அதுவே. ஐரிஷ் அடைமொழி எஜமானனுக்குப் பயந்து சட்டை மாற்றுகிறது. நம்முடையது பக்கத்தில் வந்து உட்காருகிற எழுத்துக்கு இடம் விட்டு நகர்ந்து கொடுக்கிறது, பஸ்ஸில் செய்வது போல.

இந்த நகர்ந்து கொடுத்தலுக்கு நெய்வேலிக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் சாட்சி. வடலூரை ஒட்டிக் கருங்குழி. கருமை, மை போய், குழியின் ககரத்துக்கு இனமான ஙகரம் நடுவில் வந்து அமர்ந்தது. கறுத்த குழி! சுரங்கம் தோண்டுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அந்தப் பெயர். கால்டுவெல் புத்தகம் வந்த இரண்டாம் வருஷம், 1858-ல், வள்ளலார் அங்கே வந்து குடியேறினார். அங்கேதான் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை ஊற்றி விளக்கெரித்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். பாதி தண்ணீரான கரியை வைத்து விளக்கெரிக்க நெய்வேலிக்கு ஒரு கார்ப்பரேஷனும் ரஷ்யாவும் ராட்சதச் சக்கர எந்திரங்களும் வேண்டியிருந்தன. முழுத் தண்ணீரில் எரித்தவருக்கு டெண்டர்கூடத் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஐரிஷில் அந்தப் பாவப்பட்ட ‘பொக்’கை வாக்கியத்தின் பயனிலையாக நிறுத்திப் பாருங்கள். ‘கரிமண் மிருதுவாக இருக்கிறது’ என்னும்போது, கரிமண் பெண்பாலாகவே இருந்தாலும், ‘பொக்’ வெறும் ‘பொக்’. வளைவது இல்லை. நம்முடையது அப்படியே தலைகீழ். பெயருக்கு முன்னால் நின்றபோது கல்லாகச் சமைந்திருந்த அதே அடைமொழி, பழந்தமிழில் பயனிலைக்குப் போனதும் பரதம் ஆடும். அவன் கரியன், அவள் கரியள், அவர் கரியர், அது கரிது. அதுவும் போதாதென்று தன்மைக்கும் ஒரு விகுதி: நான் கரியேன், நல்லேன், சிறியேன். ‘நான் சின்னவன்’ என்பதை ஒரே சொல்லில், அடைமொழியே ‘நான்’ என்று பேசும்படி சொல்லலாம். ஐரிஷ் அடைமொழி எத்தனை சட்டை மாற்றினாலும் ‘நான்’ என்று வாய் திறந்ததில்லை. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் சூலை நோயோடு வந்து விழுந்த திருநாவுக்கரசருக்குப் பின்னால் நீளும் பக்தர் வரிசைக்கு, இந்த ‘ஏன்’ இல்லாவிட்டால் தங்களைத் தாழ்த்திக்கொள்ள வழியே இருந்திருக்காது. இப்போது அடைமொழியில் அந்த விகுதி புழக்கத்தில் இல்லை. தன்னைச் சிறியேன் என்று சொல்லிக்கொள்ளும் தேவை ஊரில் யாருக்கும் ஏற்படாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அந்தம்மா ஒரு பலாவை எடுத்து விரல் கணுவால் தட்டினார். மோந்து பார்த்தார். எடை போட்டுச் சாக்கில் கட்டியும் ஆகிவிட்டது.

“பழம்தானே?” என்றேன்.

“காய்தான். ரெண்டு நாளு மூடிப் போட்டு வைங்க, பழுத்துரும்.”

“பழுக்கலைன்னா?”

“குழம்பு வைங்க.”